முதல் பந்தை நம்பாதவன்

ஹாஸ்கின்ஸ் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல்கூட ஒரு நாள் ஓட்டிவிடலாம், சந்தேகம் இல்லாமல் ஓட்ட முடியாது. டுவேன் ஹாஸ்கின்ஸ் பன்றித் தீவன லாரி ஓட்டுகிறவர். எடை மேடையில் லாரியை ஏற்றினால் இறங்கிப் பின்பக்கம் போய், எவனாவது ஓரத்தில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டு வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாதிரியார் வழக்கத்தைவிட ஒரு குலுக்கு அதிகமாகக் கை குலுக்கிவிட்டால், வீடு வரும் வரை அதே யோசனையாக இருப்பார். இந்தப் பரந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர் மகன் டானர்.

அந்த மகனுக்குப் பேஸ்பால் மட்டையைக் கையில் கொடுத்தபோதே முதல் பாடமாக இதைத்தான் சொல்லியிருந்தார்: முதல் பந்தைத் தொடாதே, அது உன்னை ஆழம் பார்க்க வருகிற பந்து. பையன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட ஆட்டங்களில் அது பலிக்கவும் செய்தது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட வீச்சாளர்களுக்குப் பந்தை நேராகப் போடவே வராது. சும்மா நின்றாலே போதும், நாலு தப்புப் பந்து விழும், மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போய்விடலாம். டானர் அப்படி நடந்தே பேர் வாங்கினான்.

ஆனால் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தெற்கு இண்டியானாவில் சோளக்காட்டை ஒட்டி இருந்த அந்த மைதானத்தில், கோடை முடிவதற்குள் நடக்கும் கடைசித் தேர்வு முகாம் அது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் வேகம் அளக்கும் கருவி, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். அவர்களில் பச்சைத் தொப்பி போட்ட பெக்வித்துக்கு ஒரு கேட்சர் வேண்டும், மட்டைக்காரன் முதுகுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவன், ஒரே ஒருவன். இது முகாமில் எல்லோருக்கும் தெரியும். முகாமில் இருந்த கேட்சர்களில் அவர் பார்வையில் பட்டவர்கள் இரண்டே பேர்: டானர் ஒருவன், இண்டியானாபொலிஸ் பக்கத்திலிருந்து வந்திருந்த ப்ரென்னன் ஒருவன். பெக்வித் எடுக்கவில்லை என்றால் டானருக்கு வேறு போக்கிடம் இல்லை. தீவன லாரியில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை காத்துக்கொண்டிருந்தது. அந்த லாரியின் நாற்றம் துவைத்த சட்டையில்கூடப் போகாது.

காலையில் கேட்சர்களை வரிசையாக உட்காரவைத்து, பந்தைப் பிடித்து இரண்டாம் தளத்துக்கு எறியச் சொன்னார்கள். வீச்சாளன் வீசும் நேரம் பார்த்து அடுத்த தளம் திருட ஓடுகிறவனை, அவனுக்கு முன்னால் பந்தை எறிந்து அவுட்டாக்கும் கைதான் கேட்சருக்கு மூலதனம். டானர் சுமாராக எறிந்தான், குறை சொல்ல முடியாது. ப்ரென்னனின் கையைப் பற்றி வண்டி வண்டியாகப் புகழ்ந்திருந்தார்கள். அவன் எறிந்த பந்தெல்லாம் தளத்தில் நின்றவன் தலைக்கு மேலே பறந்து புல்வெளியில் போய் விழுந்தது. பதற்றமோ, கால் வழுக்கியதோ, யார் கண்டது? பெக்வித் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டானர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான். உள்ளூர அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மத்தியானம் ஆட்டம். முகாமை நடத்தும் கர்ட் என்பவர் எல்லோரையும் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். ஆளுக்கு மூன்று முறை மட்டை பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்ட்ரைக், ஒரு தப்புப் பந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது என்ற கணக்கில்தான் ஆரம்பம், நேரம் மிச்சம். அடிக்கத் தோதான பந்தை விட்டாலோ, வீசித் தவறினாலோ அது ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட். தளத்தில் நிற்பவன் விருப்பப்பட்டால் திருடி ஓடலாம். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"இங்க வீசுறவன் எல்லாம் வேகத்தக் காட்டத்தான் வந்திருக்கான் தம்பிங்களா. மொதப் பந்தே நேராத்தான் வரும், வேகமா வரும். கண்ணுல பட்டா அடிச்சிருங்க. நீங்க நடந்து போறதப் பாக்க யாரும் பெட்ரோல் செலவு பண்ணிக்கிட்டு வரல."

நல்ல வார்த்தைதான். ஆனால் கர்ட் இண்டியானாபொலிஸில் ஒரு குழு நடத்துகிறார், ப்ரென்னன் அந்தக் குழுவில் ஆடுகிறவன். டானர் இதை நேற்றே விசாரித்து வைத்திருந்தான். அடிக்கச் சொல்கிறாரா, அடித்து அவுட்டாகச் சொல்கிறாரா? அவன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டான்.

டானரும் ப்ரென்னனும் எதிரெதிர் அணி. அதனால் டானர் மட்டை பிடிக்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தது ப்ரென்னன். ஒஹையோவிலிருந்து வந்த நெட்டை வீச்சாளன் மேட்டில் நின்று தோளை உதறிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ப்ரென்னனின் முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"நேர் பந்து. நடுவுல. அடி."

டானருக்குப் பகீரென்றது. என்ன பந்து போடுவது என்று வீச்சாளனுக்கு விரலால் சைகை காட்டுவதே கேட்சர்தான். அவனே மட்டைக்காரனிடம் முன்கூட்டிச் சொல்வதா? நெட்டையனுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவான். அதுவும் யாரிடம் சொல்கிறான்? தன் இடத்துக்குப் போட்டியாக வந்தவனிடம்! இது தூண்டில், வேறென்ன? டானர் மட்டையை அசைக்கவில்லை. பந்து நேராக, நடுவில், சொல்லி வைத்த இடத்தில் வந்து கையுறையில் பட்டென்று விழுந்தது. ஸ்ட்ரைக்.

பிறகு நெட்டையன் கட்டுப்பாட்டை இழந்து கண்ட இடத்தில் எறிந்தான். தப்புப் பந்துகள் சேர்ந்து டானருக்கு நடை கிடைத்தது. வேலி ஓரம் நின்ற டுவேன் கை தட்டினார். டானர் மட்டையை ஒய்யாரமாக உருட்டிவிட்டு முதல் தளத்துக்குப் போய், நைசாகப் பச்சைத் தொப்பியைப் பார்த்தான். பெக்வித் சோடா பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடந்து போன பையனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் தளத்தில் நின்றபோது ப்ரென்னன் இவனையே வெறித்துப் பார்ப்பது தெரிந்தது. ஓடுவான் ஓடுவான் என்று எதிர்பார்ப்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வையே டானரின் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. அடுத்தவன் உயரமாக அடித்துப் பிடிபட, அந்தச் சுற்று முடிந்தது. ப்ரென்னன் எரிச்சலோடு கையுறையைத் தொடையில் அறைந்துகொண்டு போனான்.

அடுத்த பாதியில் ப்ரென்னன் மட்டை பிடித்தான், பின்னால் டானர். ப்ரென்னன் யோசிக்கவே இல்லை. வந்த முதல் பந்தையே வெளுத்தான். பந்து வேலி வரை போய் அங்கே நின்றவன் கையில் மாட்டியது. அவுட்தான், ஆனாலும் பெக்வித் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி ஏதோ சொன்னார். அவுட்டானவனைப் பற்றிப் பேசுகிறார்கள், தளம் ஏறினவனை யாரும் சீந்தவில்லை! இது என்ன நியாயம் என்று டானருக்கு எரிந்தது. ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டார்களோ?

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். ப்ரென்னன் பந்தை முன்கூட்டிச் சொன்னதை டானர் சொன்னான். டுவேன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உன் எடத்துக்கு வந்தவன் உனக்கு எதுக்குடா ஒத்தாச பண்ணணும்? ரெண்டு தடவ நெசத்தச் சொல்லுவான். மூணாவது தடவ கழுத்த அறுப்பான். எத்தன மாட்டுத் தரகனப் பாத்திருக்கேன் நான்."

இது கேட்கவே எவ்வளவு பொருத்தமாக இருந்தது! டானர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினான்.

இரண்டாம் முறை. முகமூடிக்குள்ளிருந்து மறுபடியும் அதே குரல். நேர் பந்து, உள்பக்கம் என்றது. டானர் கல்லாக நின்றான். நேர் பந்து உள்பக்கமாகவே வந்தது, ஸ்ட்ரைக். அடுத்து சுழல் பந்து என்றது குரல். இதுதான் பொய் என்று டானர் முடிவு கட்டி, நேர் பந்துக்கு மட்டையை வீசினான். பந்து சாவகாசமாக வளைந்து மட்டைக்கு அடியில் புகுந்து போயிற்று. அவன் வீசிய வீச்சில் தலைக்கவசம் கழன்று உருண்டது. யாரோ சிரித்தார்கள். பெக்வித் எழுந்து, நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து மைதானத்தை எட்டிப் பார்க்கப் போனார்.

அப்பா வேலி ஓரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு தடவை நிஜம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். அவுட்டான டானர் தலைக்கவசத்தைப் பொறுக்கிக்கொண்டு போனான். சொன்னதெல்லாம் நிஜமாக இருந்தும் ஒன்றுக்கும் பிரயோஜனம் இல்லாமல் போனதே என்ற ஆத்திரம். அந்த ஆத்திரம் ப்ரென்னன் மேல் திரும்பியது, வேறு யார் மேல் திரும்பும்?

மறுபடி ப்ரென்னன் மட்டையோடு வந்தான். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், சகஜமாகக் கேட்டான்.

"எனக்கும் ஒண்ணு சொல்லேண்டா. ரெண்டு தடவ நான் சொல்லல?"

டானர் ஒரு கணம் தயங்கினான். அப்புறம் நேர் பந்து என்று சொல்லிவிட்டு, வீச்சாளனுக்குச் சுழல் பந்துக்கு விரலைக் காட்டினான். ப்ரென்னன் அப்படியே நம்பினான். நம்பி முழு மூச்சாக வீசினான். காற்றைத்தான் வெட்டினான். திரும்பி டானரின் முகமூடியைப் பார்த்தான். அடுத்தது நிஜமாகவே நேர் பந்து. டானர் வாயைத் திறக்கவில்லை. ப்ரென்னன் அதையும் சுழல் என்று எண்ணினானோ என்னவோ, மட்டையைத் தோளில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானான். நல்லபடியாக அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு ஹாஸ்கின்ஸ் வீட்டு வியாதியை ஒட்டவைத்தாயிற்று. வேலி ஓரத்தில் டுவேன் பலமாகக் கை தட்டினார். அந்தக் கைதட்டல் டானருக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

கடைசிச் சுற்று வந்துவிட்டது. வெயில் சாய்ந்து சோளக்காட்டின் நிழல் வேலியைத் தாண்டி உள்ளே நீண்டிருந்தது. பெக்வித் திரும்பி வந்திருந்தார், ஆனால் உட்காரவில்லை. மடக்கிய நாற்காலி கக்கத்திலேயே இருந்தது, கிளம்பத் தயாராக. டானர் மட்டையோடு போய் நின்றான். வேலி ஓரத்தில் அப்பா காது மடலை இழுத்துக் காட்டினார். முதல் பந்தைத் தொடாதே என்ற பழைய சைகை.

புதிதாக வந்த வீச்சாளனின் ஷூ கயிறு அறுந்துவிட்டது. அவன் உட்கார்ந்து முடிச்சுப் போடும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நேர் பந்து. வெளிப்பக்கம்."

டானரால் தாங்க முடியவில்லை. தான் பொய் சொன்ன பிறகும் இவன் எதற்காகச் சொல்கிறான்? பழிவாங்கத்தானே? அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டே விட்டான்.

"எதுக்குடா எங்கிட்ட சொல்ற?"

"ஒம்மேல பாசம்னா நெனச்ச?" என்றான் ப்ரென்னன். "காலைல நான் எறிஞ்ச லட்சணத்தப் பாத்தல்ல. எவனாவது தளத்துல நின்னு திருடி ஓடுனாத்தானே நான் எறிய முடியும்? எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், ஒரு பயலும் அடிச்சு மொதத் தளத்துல நிக்க மாட்டேங்கிறான். நின்னது நீ ஒருத்தன். நீயும் ஓடித் தொலைக்கல."

 மத்தியானம் முழுக்க டானர் கட்டி வைத்திருந்த சதி இவ்வளவுதானா? தூண்டிலும் இல்லை, கழுத்தறுப்பும் இல்லை. ஒரு எறிக்காக ஏங்கி, மைதானத்தில் வந்தவன் போனவனுக்கெல்லாம் பந்தைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான். இதற்குத்தான் தான் பொய் சொன்னோம் என்று நினைத்தபோது டானருக்கு வெட்கமாக இருந்தது, காதெல்லாம் சுட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் புரிந்தது. ப்ரென்னனுக்கு வேண்டியது என்ன என்று இப்போது முழுசாகத் தெரிந்துவிட்டது. அதனால் அவன் சொன்னதை நம்பலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக டானர் ஒருவனை நம்பினான்.

வீச்சாளன் எழுந்தான். அப்பா இன்னும் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். டானர் பார்வையை அந்தப் பக்கமிருந்து எடுத்துவிட்டான்.

பந்து நேராக, வெளிப்பக்கமாக வந்தது. டானர் முதல் பந்தை அடித்தான். மட்டையின் சத்தம் கேட்டுப் பக்கத்து மைதானத்தில்கூடச் சிலர் திரும்பினார்கள். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே தரையை உரசிக்கொண்டு பந்து புல்வெளிக்குப் பாய்ந்தது. முதல் தளத்தை மிதித்து நின்று மூச்சு வாங்கியபடி டானர் திரும்பிப் பார்த்தான். பச்சைத் தொப்பிக்காரர் நாற்காலியை விரித்து மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர் கண் நேராக இவன் மேல் இருந்தது.

இனி டானர் ஒன்றும் செய்ய வேண்டாம். அப்படியே நின்றால் போதும். பெக்வித் கடைசியாகப் பார்த்தது அவன் அடித்த அடியாக இருக்கும். ப்ரென்னனிடம் அவர் பார்த்தது காலையில் பறந்த பந்துகளும், மத்தியானம் வேலி ஓரத்தில் பிடிபட்டுப் போன ஒரு அடியும்தான். வேலி ஓரத்திலிருந்து டுவேன் இதைத்தான் உள்ளங்கையை விரித்துக் காட்டி, வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: நில்லு, அசையாதே. டானர் ஒன்றும் வேகமான ஓட்டக்காரனும் இல்லை. ஓடினால் என்ன ஆகும் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும்.

ப்ரென்னன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, வியர்வையைத் துடைத்துவிட்டு, திரும்பக் கீழே இறக்கினான். இவனைப் பார்க்கவில்லை. இனிமேல் இவனிடம் அவன் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. அதுதான் டானரைக் குத்தியது. பொய் சொன்னதற்கு அவன் இரண்டு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வீச்சாளன் காலைத் தூக்கினான். டானர் ஓடினான்.

முழு பலத்தோடுதான் ஓடினான், விட்டுக்கொடுக்க ஓடவில்லை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. தலையைக் கவிழ்த்து ஓடியவன் பின்னால் ப்ரென்னன் எறிந்த பந்து வருவதைப் பார்க்கவில்லை, அது காதோரம் சீறிப் போன சத்தத்தைத்தான் கேட்டான். அவன் மண்ணில் சறுக்கி இரண்டாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தோடு கையுறை தளத்தின் மேல் அவன் காலுக்காகக் காத்திருந்தது. அம்பயர் கையை முறுக்கி அவுட் என்றார். வலைக்குப் பின்னால் பெக்வித் எழுந்து நின்றிருந்தார். அன்று முழுக்க அவர் எதையாவது பார்த்து எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டம் முடிந்ததும் அவர் ப்ரென்னனையும் அவன் அம்மாவையும் மர நிழலுக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. திரும்பிப் போகும் வழியில், பையில் மட்டையைத் திணித்துக்கொண்டிருந்த டானரிடம் நின்றார்.

"கடைசியா ஒரு அடி அடிச்சியே தம்பி, அத மொத தடவையே அடிச்சிருந்தா உன்ன மூணு தடவ பாத்திருப்பேன். இப்ப ஒரு தடவதான் பாத்திருக்கேன். ஒண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

டானர் சரிங்க சார் என்றான்.  அவர் சொன்னதில் சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. ப்ரென்னன் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினான். டானரும் காட்டினான், ஆனால் கை முழுசாக எழவில்லை.

வண்டி சோளக்காட்டுச் சாலையில் ஏறியது. அப்பா தீவன ஆலைக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி டானரின் மடியில் கிடந்தது. அதன் நாற்றம் வண்டி முழுக்க அடித்தது. அடுத்த வாரத்திலிருந்து தனக்கும் அப்படி ஒன்று தருவார்கள் என்று டானருக்குத் தெரியும். அவன் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"சொன்னேனா இல்லையா?" என்றார் டுவேன் கடைசியில். ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினார். "மூணாவது தடவ கழுத்த அறுப்பான்னு அப்பவே சொன்னேன். ஓட வச்சு அறுத்துட்டான் பாத்தியா."

"அவன் மூணு தடவையும் நெசந்தான்ப்பா சொன்னான்," என்றான் டானர். "பொய் சொன்னது நாந்தான். சுழல் பந்துக்குச் சைகை காட்டிட்டு நேர் பந்துன்னு சொன்னேன். அவன் அப்படியே நம்பிட்டான். நீங்க கை தட்டுனீங்களே, அப்ப."

 டுவேன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு திரும்பி, எடை மேடைக்காரனைப் பார்க்கிற அதே கண்ணால் தன் மகனைப் பார்த்தார்.